கமெராப் பைக்குள் ஒரு பிடி கடுகு

ஆரணி, கீரன், இரண்டு பேரும் ஓரிடத்தில் இருந்து இதை வாசியுங்கள். கீரனுக்குத் தமிழெழுத்து ஓடாவிட்டால் அக்கா வாசித்துக் காட்டட்டும். இடையில் இத்தாலியனில் நக்கல் அடிக்கக் கூடாது. முடிந்தபிறகு எவ்வளவும் அடிக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கீரன் போனில் நாலு சொல் எழுத, அது தானாகவே ஒரு பென்குயின் படம் செய்து கொடுத்தது. "அப்பா, பினீத்தோ. உங்கட வேலை முடிஞ்சுது," என்று காட்டினான். படம் பிடிக்கிற என் வேலை விரல் நுனி விறைத்துப் போனதோடு எப்போதோ முடிந்துவிட்டது, அது வேறு கதை. நான் கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பனி, வெள்ளை வயிறு, கழுவித் துடைத்த மாதிரிக் கால்.

"இது பொய்ப் பென்குயின்," என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"காலடியில பீ இல்லை."

நீங்கள் இரண்டு பேரும் சிரித்து மேசையில் விழுந்தீர்கள். அம்மா கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டா. ஆனால் நான் உண்மையைத்தான் சொன்னேன். பென்குயின்கள் இருக்கும் கரை வெள்ளை இல்லை. இளஞ்சிவப்புச் சேறு. அதன் மணம் ஜக்கெற்றை விட்டுப் போக ஒரு மாதம் எடுக்கும். பத்தாம் வகுப்போடு நின்ற நான், வீடு துடைக்க வந்த இத்தாலிப் பலெர்மோவில் இருந்து பூமியின் இரண்டு நுனிக்கும் போய் வந்த கதையை உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

2010களின் தொடக்கம். அப்போது பலெர்மோவின் அல்பெர்கேரியாவில், சந்தைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தோம். ஆரணிக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது, கீரன் பிறக்கவில்லை. பத்து நிமிட நடையில் சிஞ்ஞோரா லூச்சியா என்கிற அம்மணியின் வீடு. கிழமையில் மூன்று நாள் அங்கே துப்புரவு வேலைக்குப் போவேன். அறுபது வயது, கட்டையாக வெட்டிய நரைமுடி, தனி ஆள், பேச்சுக் குறைவு. துருவப் பக்கத்து மிருகங்களையும் பறவைகளையும் புத்தகங்களுக்குப் படம் எடுப்பதுதான் அவவின் தொழில் என்பது எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் கம்பளிக் காலுறை அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

ஒருநாள் பிரீசரைத் துப்புரவாக்கினேன். பட்டாணிப் பைக்கும் மீன் பைக்கும் நடுவில், பொலித்தீனில் கட்டியபடி ஒரு கமெரா. பாவம், மனுசிக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். அவவுக்கு வெட்கம் வராமல் காரியத்தை முடிப்போம் என்று கமெராவை வெளியே எடுத்துப் பையை அவிழ்த்து, துடைத்து, மேசையில் துவாய் விரித்து வைத்தேன். ஆடி மாதத்து வெயில். நான் பார்த்துக்கொண்டிருக்கவே கமெரா வியர்த்தது. வெளியே துடைத்தேன். பிறகு பார்த்தால் கண்ணாடிக்கு உள்ளேயும் வியர்த்திருந்தது.

சிஞ்ஞோரா வந்து பார்த்தா. கத்தவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. அவ கதைத்ததெல்லாம் இத்தாலியன்தான், ஆனால் எனக்கு அது எங்கள் பேச்சிலேயே நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"எடுத்தது பிழையில்லை, சிவா. பையைத் திறந்ததுதான் பிழை."

குளிரில் இருந்த கமெராவைக் குளிரிலேயே பைக்குள் போட வேண்டும். காற்றை அமத்தி வெளியேற்றி வாயைக் கட்டிப் பிறகுதான் சூட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அறையின் சூட்டுக்குக் கமெரா வரும்வரை திறக்கக் கூடாது. பனி பையின் வெளிப்பக்கத்தில் பிடித்துவிட்டுப் போகும். ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் அவ இதை வீட்டுப் பிரீசரில் பரீட்சை பார்ப்பாவாம். மறதி எனக்குத்தான், கேட்டுச் செய்ய மறந்திருக்கிறேன்.

"உள்ளுக்குள்ள போன ஈரம் வெளிய வருதோ எண்டு பாத்துக்கொண்டிரு," என்றுவிட்டுத் தன் அறைக்குப் போனா. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணித்தியாலம். ஈரம் ஒரு ஓரத்தில் இருந்து நகம் அகலம், நகம் அகலமாக வடிந்து போனது. அவ திரும்பி வந்து திகைத்து நின்றா.

"உன்ர வேலை நேரம் எப்பவோ முடிஞ்சுதே. ஏன் போகேல்லை?"

"பாத்துக்கொண்டிரு எண்டனீங்கள்."

"என்ர முந்தின உதவியாளனால பத்து நிமிசம் ஓரிடத்தில இருக்கேலாது," என்று சொல்லி, முதல் தடவையாகச் சிரித்தா. அடுத்த கிழமை தும்புத்தடியோடு சேர்த்து ஒரு கமெராவும் தந்தா.

பயிற்சி எங்கே தெரியுமா? நகரத்து ஓரத்தில் இருக்கிற பிரான்காச்சோவில், மீன் வியாபாரி பெப்பேயின் குளிர்க் களஞ்சியத்தில். கையுறை போட்ட கையால், கண்ணை மூடிக்கொண்டு பற்றரி மாற்றப் பழக வேண்டும். பற்றரிகளை உடம்புச் சூட்டில், உள்சட்டைப் பையில் வைத்துப் பழக வேண்டும். துருவத்து ஜக்கெற் எந்தப் பைக்குள்ளும் அடங்காதபடியால் ஆவணி மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டே பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த கிழவி, "காய்ச்சலோ மகனே?" என்று கேட்டு இடம் மாறி இருந்தா. களஞ்சியத்தில் உறைந்த வாள்மீன்களுக்கு நடுவில் நான் முழங்காலில் நிற்க, பெப்பே கதவால் எட்டிப் பார்ப்பான்.

"இந்தா, இலங்கைப் பனிக்கரடி வந்திட்டுது. டேய் கரடி, படம் பிடிச்சு முடிஞ்சால் அந்த ரெண்டு பெட்டியையும் தூக்கி மேல வை."

இரண்டு வருடம் அவன் பெட்டி தூக்கினேன். என் முதல் நல்ல படம் அவனுடைய வாள்மீன் ஒன்றின் முகம். அதைச் சட்டம் போட்டுத் தன் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்தான்.

பிறகு நோர்வேக்கு வடக்கே உள்ள தீவுகளுக்குச் சிஞ்ஞோரா என்னைக் கூட்டிப் போனா. அங்கே ஒரு பனிமானை முந்நூறு படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் அது என்னை நேரே பார்த்தது, வடிவாக, ஸ்டூடியோவில் நிற்கிற மாதிரி. பெருமையோடு காட்டினேன்.

"உன்னைப் பாக்கிறதுக்காக இது எதை நிப்பாட்டினது?" என்று கேட்டா.

யோசித்தேன். "மேயிறதை."

முந்நூறையும் அழித்துவிட்டா. ஒவ்வொன்றாக, என் கண்ணுக்கு முன்னால். அதற்குப் பிறகு எத்தனையோ பயணம், ஒவ்வொரு படத்துக்கும் இதே கேள்விதான். நரி எதை நிப்பாட்டினது? கடற்சிங்கம் எதை நிப்பாட்டினது? பதில் இருந்தால் படம் இல்லை. இதைத் தவிர அவ எனக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லித் தந்ததில்லை.

இனித்தான் கடுகு.

கீரன் பிறந்து ஒரு வருடம் இருக்கும். தெற்குத் துருவத்துக்குப் பயணம் வந்தது. பென்குயின்கள் கல்லால் கூடு கட்டுவதைப் பற்றிச் சிஞ்ஞோரா ஒரு புத்தகம் செய்தா. அதற்குக் கல் பொறுக்குகிற படம் ஒன்றுதான் மிச்சம். கல் பொறுக்குகிற காலம் வருடத்தில் சில கிழமைதான். கப்பல் அந்தக் கரையில் நிற்பதோ இரண்டு மணித்தியாலம். கப்பல் பட்டியலில் என் பெயருக்கு எதிரே முதல் தடவையாக 'புகைப்படக்காரர்' என்று இருந்தது. அந்தத் தாளை அம்மாவிடம் காட்டினேன். அவ சந்தோசப்பட்டா. ஊரெல்லாம் கதைக்கும், கண் படும் என்று பயப்படவும் செய்தா. அந்தப் பயத்தில் என்ன செய்தா என்பது எனக்குத் தெரியாது.

தென் அமெரிக்காவின் முனையில் இருந்து இரண்டரை நாள் கடல். முதல்நாளே கப்பல் ஆடிய ஆட்டத்தில் சிஞ்ஞோரா ஏணியால் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டா. கப்பல் வைத்தியர் கட்டுப் போட்டார். அவ கட்டைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"அப்ப நீதான்," என்றா. அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் பரிசோதனை. தெற்கே இறங்குவதற்கு முதல் எல்லாருடைய சப்பாத்து, ஜக்கெற், பை, முக்காலி எல்லாவற்றையும் சோதிப்பார்கள். அந்த நிலத்தில் இல்லாத ஒரு விதை, ஒரு புல், ஒரு பிடி மண்கூடக் கரைக்குப் போகக் கூடாது. பயணத் தலைவி இங்கிரிட் என்கிற நோர்வேக்காரி. உயரமான மனுசி, கையில் பென்சில் லைட்டும், தூசியைக் கிள்ளித் தூக்கச் சாவணமும். வரிசையில் நாலு வாக்யூம் கிளீனர்.

பிள்ளைகளே, அந்தக் கப்பலில் பேராசிரியர்கள் இருந்தார்கள், பெரிய படக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் வாக்யூம் கிளீனரை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் உங்கள் அப்பாதான். ஒருத்தர் குழாயைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாங்கி நானே எல்லாருக்கும் செய்தேன். மூலைக்கு ஒடுக்கு வாய், ஒட்டுப்பட்டிக்குப் பிரஷ், தையலுக்கு மேலிருந்து கீழ். புல், பிஸ்கட் தூள், ஆருடையதோ நாய்மயிர் எல்லாம் வந்தது. இங்கிரிட் பின்னால் வந்து, "இந்த மனுசனை வருடம் முழுக்கக் கப்பலில் வைத்திருக்கலாமா?" என்று கேட்டா. நான் மிதந்தேன்.

என் பையைக் கடைசியில் எடுத்தேன். வீட்டிலேயே துடைத்துக் கொண்டுவந்ததுதானே என்று சும்மா குழாயை வைத்தேன். குழாய்க்குள் 'கிலுகிலு' என்றது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எத்தனை தமிழ் வீட்டுக் குசினி கூட்டியிருக்கிறேன். கடுகு.

மெஷினை நிறுத்திப் பையின் உள்துணியைப் பிரித்தேன். ஒரு சிவப்புத் துணி முடிச்சு, ஒரு பக்கம் அவிழ்ந்து கிடந்தது. கடுகு, உப்பு, இரண்டு செத்தல் மிளகாய். மிளகாய்க்குள்ளும் விதை.

இங்கிரிட் சாவணத்தால் ஒரு கடுகைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தா. "இது என்ன?"

எனக்கு ஆங்கிலம் அறுந்து போனது. "வைஃப்," என்றேன்.

சிஞ்ஞோரா முன்னுக்கு வந்தா. "கண்ணூறுக்கு," என்றா. பிறகு இடது கையால் கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டினா. பலெர்மோவில் அரைவாசிப் பேர் கண் படாமல் இருக்கப் போடுகிற சிவப்புக் கொம்பு. இத்தனை வருடத்தில் நான் அதைக் கண்டதில்லை. "என்ரது பிளாஸ்டிக். அதுக்கு முளைக்கத் தெரியாது."

வரிசை முழுக்கச் சிரித்தது. இங்கிரிட்டும் சிரித்தா. ஆனால் தாளில் பேனையை வைத்துக்கொண்டு கேட்டா: "வேறு எங்கேயாவது இருக்கிறதா? உறுதியாகத் தெரிந்தால்தான் நீ இறங்கலாம்."

எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அல்பெர்கேரியாவில் மீன் வாங்கிக்கொண்டு நிற்பா.

கப்பலோட்டும் அறைக்குக் கூட்டிப் போய்ச் செற்றலைற் போனைத் தந்தார்கள். கப்டன், இங்கிரிட், கையைத் தூக்கிக் கட்டிய சிஞ்ஞோரா, மூன்று பேரும் என் வாயைப் பார்த்தபடி நின்றார்கள்.

"ஹலோ. இஞ்சரும், நான்தான்."

"என்னப்பா, கப்பல் கவிண்டிட்டுதோ?"

"இல்லை, கப்பல் நல்லாயிருக்கு. என்ர பைக்குள்ள எவ்வளவு கடுகு போட்டனீர்?"

சந்தை இரைச்சலுக்கு மேலால் அவ கத்தினா. "கடுகை ஆரப்பா எண்ணிப் போடுவினம்? ஒரு பிடி."

"உம்மட பிடியோ, என்ர பிடியோ?"

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. இதைக் கேக்கவோ அங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"என்ன சொல்கிறா?" என்று இங்கிரிட் கேட்டா. "கணக்குப் பார்க்கிறா," என்றேன்.

"வேற எங்கையும் வச்சனீரோ?"

"ஏன் கேக்கிறியள்? எடுத்துப்போட்டியளோ? கடவுளே, நடுக்கடலில நிண்டுகொண்டு... மூண்டு இடத்தில வச்சனான்."

"எங்கை எங்கை?"

"பைக்குள்ள ஒண்டு. ஜக்கெற் கொலர்த் தையலுக்குள்ள ஒண்டு. மற்றதைச் சொல்லமாட்டன். ஒண்டெண்டாலும் உங்களோட இருக்கட்டும்."

"சொல்லாட்டி என்னைக் கரையில இறங்க விடமாட்டினம்."

"அப்ப நல்லது. சூடாக் கப்பலுக்குள்ளயே இருங்கோ."

அவவுக்கு வேண்டியதே அதுதான். இத்தனை வருட வேலை, சிஞ்ஞோராவின் புத்தகம், பட்டியலில் இருந்த அந்த ஒரு சொல், எல்லாம் ஒரு கடுகு முடிச்சில் தொங்கியது.

"இஞ்சரும். அந்தக் கரையில ஒரு புல்லுப் பூண்டு இல்லை. கல்லும் பறவையளும்தான். அங்கை ஒரு கடுகு விழுந்து முளைச்சால்..."

"முளைச்சால் என்ன, கடுகுதானே."

"பாத்தீனியமும் முதல் ஒண்டு ரெண்டாத்தான் வந்தது."

உங்களுக்குப் பாத்தீனியம் தெரியாது. வெள்ளைப் பொட்டுப் பூப்பூக்கும் ஒரு களை. எங்கிருந்தோ வந்து எங்கள் ஊர்த் தோட்டமெல்லாம் நிறைந்தது. அம்மாவின் அப்பா வெங்காயப் பாத்திக்குள் அதைக் கையால் பிடுங்கிப் பிடுங்கி முழங்கை வரை தடித்துச் சொறிந்து புண்ணானவர். அம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்து கையில் ஷொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு பிடுங்குவாவாம். அடுத்த மழைக்கு அது திரும்ப நிற்கும்.

போனுக்குள் அம்மா மீன்காரனைப் பொறுக்கச் சொன்னது கேட்டது.

"தொப்பிக் குஞ்சத்துக்குள்ள," என்றா. "கழட்டினால் வேற தொப்பி வாங்கிப் போடுங்கோ. வெறுந்தலையோட நிக்காதேங்கோ."

அந்தத் தொப்பி என் தலையில்தான் இருந்தது. மெதுவாகக் கழற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, இங்கிரிட்டிடம் கொடுத்தேன். கப்டன் மறுபக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார்.

மூன்று முடிச்சும் ஒரு மூடிபோட்ட போத்தலுக்குள் போயின. இங்கிரிட் தீர்ப்புச் சொன்னா: "பை இறங்காது. ஜக்கெற் இறங்காது. தொப்பி கட்டாயம் இறங்காது. நீ இறங்கலாம்." பைக்குள் இருந்த பெரிய லென்ஸும் இறங்காது, அதன் றப்பர் வளையத்துக்குள் ஒரு கடுகு உருண்டு போயிருந்தால் ஆருக்குத் தெரியும்? மிஞ்சியது சிஞ்ஞோராவின் கமெராவும் ஒரு சின்ன லென்ஸும். பென்குயினுக்கு ஐந்து மீற்றருக்குக் கிட்டப் போகக் கூடாது என்பது சட்டம். அந்தத் தூரத்தில் இருந்து சின்ன லென்ஸால் எடுத்தால் பென்குயின் ஒரு கடுகளவுதான் தெரியும்.

அடுத்த நாள் காலை சமையற்காரரின் தொப்பியும் கப்டனின் ஜக்கெற்றுமாக, மருந்துத் தண்ணியில் சப்பாத்தைத் தோய்த்து, றப்பர் படகில் இருந்து இறங்கினேன். கட்டுப்போட்ட கையோடு சிஞ்ஞோரா இறங்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவ படகிலேயே இருந்து இடது கையில் தூரக்கண்ணாடியைப் பிடித்தபடி பார்த்தா.

சத்தமென்றால் அப்படிச் சத்தம். ஆயிரக்கணக்கில் கறுப்புக் கோட்டுப் போட்ட குள்ளர்கள், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கல்லுக்காகச் சண்டை. ஒருவர் கூட்டில் கல்லை வைத்துவிட்டுத் திரும்ப, மற்றவர் பின்னால் வந்து தூக்கிக்கொண்டு போகிறார். நான் கிட்டப் போக முடியாது. அவை என்னிடம் வரலாம், அதற்குச் சட்டம் இல்லை. கூட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கல் கூடிய இடமாகப் பார்த்துப் படுத்தேன். அப்போது படுக்க விட்டார்கள், இப்போது விடுவதில்லையாம். கமெராவைக் கல்லில் வைத்தேன். தொடவில்லை. பிரீசர்க் கமெராவைப் பார்த்த மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணித்தியாலம் போனது. இங்கிரிட் தூரத்தில் கையைத் தூக்கிக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினா. அப்போது ஒருவர் என் முழங்கைப் பக்கம் வந்தார். கல்லைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. முழங்கைக்குக் கீழே இருந்த கல்லைக் கொத்தி இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றித் திரும்ப இழுத்தார். நான் முழங்கையை ஒரு நூல் அளவு தூக்கிக் கொடுத்தேன். கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி, கூட்டில் வைத்து, மனுசியிடம் தலை குனிந்துவிட்டு, திரும்ப வந்தார். அடுத்த கல்லும் என் முழங்கையடியில்தான் வேண்டுமாம். பதினொரு தடவை. பதினொரு தடவையும் எடுத்தேன். சிரிப்பை அடக்கியதில் என் வயிறு கல்லில் அடிபட்டு நொந்தது.

படகில் சிஞ்ஞோரா கமெராவை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தா. அலகில் கல், காலில் சேறு, கண் முழுக்கக் களவு.

"உன்னைப் பாத்து இது எதை நிப்பாட்டினது?"

"ஒண்டையும் நிப்பாட்டேல்லை, சிஞ்ஞோரா. என்னட்டயே களவெடுத்தது."

அவ கழுத்தில் இருந்த சிவப்புக் கொம்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ஒன்றையும் அழிக்காமல் கமெராவை என்னிடமே திருப்பித் தந்தா.

அந்தப் படம் புத்தகத்தின் நடுவில் இரண்டு பக்கம் நிறைய வந்தது; கீழே என் பெயர். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கும் சொல்லவில்லை, இதை வாசித்து அறிந்துகொள்ளட்டும்.

அன்று மத்தியானம் கப்பலில் இருந்த எல்லாரும் அந்தக் கமெராத் திரையைச் சுற்றி நின்று, "என்ன வடிவு, என்ன வடிவு" என்று பார்த்தார்கள். போத்தலில் இருக்கும் விதைகளை அழிக்க வேண்டும் என்று இங்கிரிட் சொன்னா. நானே அழிக்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். சாப்பாடு முடிந்து சமையற்காரர் படுக்கப் போன நேரம், கப்பல் குசினியில் தனியே நின்று, கமெராவை மேசையில் வைத்து அந்தப் பென்குயின் படத்தைத் திரையில் கொண்டுவந்தேன். மூன்று முடிச்சையும் கைக்குள் பொத்தி, அதற்கு மேலே இடமாக மூன்று தரம், வலமாக மூன்று தரம் சுற்றினேன். பிறகு காய்ந்த சட்டிக்குள் கொட்டி, ஒன்றும் வெளியே பாயாதபடி மூடியை இரண்டு கையாலும் அமத்தி, கடைசிக் கடுகும் வெடிக்கும்வரை இருமிக்கொண்டு நின்றேன்.